பிசிறு விடாத துடைக்கும் துணி: எதை வாங்கலாம், எதற்குப் பழைய வேட்டியே போதும்

கறுப்பு கிரானைட் மேடையைப் புதுத் துண்டால் துடைத்துவிட்டு, ஈரம் காய்ந்த பிறகு சாய்வாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள். அழுக்கு போயிருக்கும், அது இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு உட்கார்ந்திருக்கும். ஜன்னல் கண்ணாடி, டிவி திரை, சாமி படம், கண்ணாடி டம்ளர் எல்லாவற்றிலும் இதே கதைதான். "லிண்ட் ஃப்ரீ" என்று அட்டையில் அச்சடித்த துணிகள் இப்போது சூப்பர் மார்க்கெட்டிலும் ஆன்லைனிலும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் எது காசுக்குப் பெறும், எது வீட்டில் கிடக்கும் பழைய மல் வேட்டியிடம் தோற்றுப்போகும் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் பஞ்சு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பருத்தி நூல் என்பது இரண்டு மூன்று செ.மீ. நீளமுள்ள இழைகளைச் சேர்த்து முறுக்கியது. அதிலுள்ள குட்டை இழைகள் முறுக்குக்குள் சரியாக அகப்படாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தேய்க்கும்போது கழன்று வருவது அவைதான். கோம்பிங் செய்த நூலில் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுவார்கள், அதனால் பிசிறு குறைவு. மில் கழிவையும் பனியன் கட்டிங் கழிவையும் மறுபடி பஞ்சாக்கி ஓப்பன் எண்ட் என்ற நூற்பு முறையில் நூற்றால் கிடைப்பதில் பெரும்பகுதி குட்டை இழை. மலிவான கட்டம் போட்ட கரித்துணி, சாம்பல் நிறத்தில் வரும் தரை துடைக்கும் துணி, கால்மிதி இவற்றில் பெரும்பாலும் இந்த நூல்தான் ஓடுகிறது. இவற்றைத் தரைக்கும் சூடான பாத்திரம் பிடிக்கவும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

பாலியஸ்டர், நைலான் ஃபிலமெண்ட் நூலில் இழை அறுபடாமல் ஓடுவதால் கழன்று வர நுனியே இருக்காது. ஆனால் அதே பாலியஸ்டரைத் துண்டுதுண்டாக நறுக்கிப் பருத்தியோடு கலந்து நூற்றால் (பாலிகாட்டன் துணிகள் அப்படித்தான் வருகின்றன) அதுவும் பிசிறு விடும், தண்ணீரும் சரியாகக் குடிக்காது. "சிந்தெட்டிக்தானே, பஞ்சு வராது" என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து ஓரம். துணியின் நடுப்பகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெட்டிய ஓரம் மடித்துத் தைக்காமல் இருந்தால் நூல் உதிர்ந்துகொண்டே இருக்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு. துணி தானாக விடாத பஞ்சை, தன்னோடு துவைத்த துண்டிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து கண்ணாடியில் இறக்கும். நல்ல மைக்ரோஃபைபர் துணி "பிசிறு விடுது" என்று கெட்ட பெயர் வாங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

கடையில் நின்றுகொண்டே சோதிக்க வேண்டுமானால் அடர்நிற பேண்டிலோ புடவையிலோ பத்துத் தடவை அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். வீட்டில் இன்னும் துல்லியமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. ஐந்து செ.மீ. செலோ டேப்பைத் துணியின் நடுவில் அழுத்தி ஒட்டி, உரித்து, கறுப்புக் காகிதத்தில் ஒட்டுங்கள். ஓரத்தில் இன்னொரு டேப். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பிசிறு துணியிலிருந்து வருகிறதா, தையலிலிருந்து வருகிறதா என்று தெரிந்துவிடும். புதுத் துணியை ஒரு தடவை அலசிக் காயவைத்த பிறகு இந்தச் சோதனையைச் செய்வதுதான் நியாயம். நெய்யும்போதும் வெட்டும்போதும் ஒட்டிய தூசு முதல் அலசலிலேயே போய்விடும், அதைத் துணியின் கணக்கில் எழுதக்கூடாது.

மைக்ரோஃபைபர்

அட்டையில் எழுதியிருப்பதில் படிக்க வேண்டியவை மூன்றே மூன்று: கலவை, ஜி.எஸ்.எம். (துணியின் எடை அளவு), ஓரம். "ஜெர்மன் டெக்னாலஜி", "99 சதவீதம் கிருமி நீக்கம்" போன்றவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

மைக்ரோஃபைபர் என்றால் 9,000 மீட்டர் இழையை எடை போட்டாலும் ஒரு கிராம் வராத அளவுக்கு மெல்லியது. நல்ல துணியில் 80 சதவீதம் பாலியஸ்டர், 20 சதவீதம் பாலியமைடு, அதாவது நைலான், இருக்கும். சிலவற்றில் 70க்கு 30. இரண்டும் ஒரே இழையாக ஒட்டி வந்து, பின்பு சாயப் பட்டறையில் சூடும் காரமும் பட்டுப் பல கீற்றுகளாகப் பிளக்கும். அழுக்கும் எண்ணெயும் போய் மாட்டிக்கொள்வது இந்தக் கீற்றுகளின் கூரான விளிம்புகளுக்கு நடுவில்தான். பிளக்காத, வெறும் பாலியஸ்டர் துணியும் "மைக்ரோஃபைபர்" என்ற பெயரிலேயே விற்கிறது. தொட்டால் வழுவழுவென்று நன்றாகவே இருக்கும். துடைத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். உலர்ந்த உள்ளங்கையில் துணியைத் தேய்த்துப் பாருங்கள். தோலின் சொரசொரப்பில் பூனை நகம் மாதிரி லேசாகப் பிடித்தால் பிளந்த இழை. வழுக்கிக்கொண்டு போனால் அப்படியே வைத்துவிடலாம். வாங்கி வந்த பிறகு என்றால், மேசையில் ஒரு தேக்கரண்டித் தண்ணீரைக் கொட்டி மெதுவாகத் துணியை இழுங்கள். ஒரே இழுப்பில் மேசை உலர வேண்டும்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்பத் தேவையில்லை, சமையலறைத் தராசே சொல்லிவிடும். 40க்கு 40 செ.மீ. துணி 0.16 சதுர மீட்டர். 300 ஜி.எஸ்.எம். என்றால் 48 கிராம் இருக்க வேண்டும், 350 என்றால் 56. நான்கு துணிப் பாக்கெட்டுக்கு 350 என்று போட்டிருந்தால் மொத்தம் 224 கிராம். ஆன்லைனில் பொருளின் எடையை விவரத்தில் போட்டிருப்பார்கள். அதைத் துணிகளின் எண்ணிக்கையால் வகுத்து, கிடைப்பதை 0.16ஆல் வகுத்தால் கணக்கு வெளியே வந்துவிடும். அட்டை, கவர் எடைக்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

எடை கூடினால் தரம் கூடும் என்பது தப்பு. வீட்டுப் பொதுவேலைக்கு 300 முதல் 350 வரை போதும். கண்ணாடிக்கு அதைவிட மெல்லிய, மேலே வளையம் வளையமாக நிற்கும் நூல் சுருளே இல்லாத தட்டை நெசவோ, சின்னச் சின்னக் கட்டமாகக் குழிந்த தேன்கூடு நெசவோ வேண்டும். 200 முதல் 280 வரை. 500க்கு மேல் புசுபுசுவென்று வருவதெல்லாம் கார் துடைக்கிறவர்களுக்கானது. அதில் சுருளை வெட்டிப் பூவாக விட்டிருப்பதால் முதல் சில துவைப்பு வரை நுனிகள் உதிரும். மழைக்காலத்தில் ஒரு நாளில் காயாது, காயாவிட்டால் நாற்றம். சமையலறைக்கு அதை வாங்குவது வீண்.

ஓரத்தை நூலால் சுற்றிச் சுற்றிப் போட்ட தடித்த ஓவர்லாக் தையல் இருந்தால் அந்த நூல்தான் டிவி திரையிலும் மூக்குக் கண்ணாடியிலும் கீறல் போடும், துணி அல்ல. சூட்டில் வெட்டி ஓரத்தை உருக்கி ஒட்டிய தையலில்லாத துணி திரைகளுக்கு நல்லது. ஆனால் மலிவான சரக்கில் அந்த உருகிய ஓரமே கடினமாகி முள் மாதிரி நிற்கும். விரலை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். பிராண்ட் லேபிளை வாங்கிய அன்றே ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அடர் சிவப்பு, நீலம் முதல் அலசலில் சாயம் விடும். வெள்ளை யு.பி.வி.சி. ஜன்னல் சட்டத்தில் அந்தச் சாயம் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. வெளிர் நிறமாகவே வாங்கிவிடலாம்.

மைக்ரோஃபைபர் தோற்கும் இடங்களும் உண்டு. கொசுவலை அடித்த ஜன்னலில் ஓரத்து வெல்க்ரோ துணியின் சுருளைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவிடும். ஒரு ஜன்னலுக்குள் துணி நாசம். சிமெண்ட் சொரசொரப்பு, துருப்பிடித்த கிரில் இரண்டும் அப்படித்தான். அடுப்புக்குப் பின்னால் டைல்ஸில் படிந்த தாளிப்பு எண்ணெயை இதால் துடைத்தால் முதல் தடவை அற்புதமாக வரும். ஆனால் அந்த எண்ணெய் இழைக்குள் இறங்கிவிட்டால் முழுதாக வெளியேறாது, அடுத்து எதைத் துடைத்தாலும் மங்கலாகப் பூசிக்கொண்டே போகும். எண்ணெய்க்கு முதல் கை பழைய பருத்தித் துணி. கடைசிக் கைக்கு மட்டும் இது. சூடான தவா, குக்கர் பக்கம் கொண்டுபோகவே கூடாது, உருகி ஒட்டிக்கொள்ளும்.

பழைய வேட்டி

மல் வேட்டி பெரும்பாலும் நைஸ் நம்பர் கோம்டு நூல், அதாவது கோம்பிங் செய்த மெல்லிய நூல். அதோடு பல வருடத் துவைப்பில் உதிர வேண்டிய குட்டை இழையெல்லாம் ஏற்கெனவே உதிர்ந்துபோயிருக்கும். கஞ்சியும் ஒரு சொட்டு மிச்சமிருக்காது. புதுத் துணி எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்த இரண்டையும் காசு கொடுத்து வாங்க முடியாது. கண்ணாடி டம்ளர், எவர்சில்வர், பித்தளைக் குத்துவிளக்கு, மரச் சாமான் மெருகு, மூக்குக் கண்ணாடி ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல துணி கடையில் சுலபமாகக் கிடைக்காது என்பதே எங்கள் தீர்ப்பு.

ஆனால் அப்படியே கிழித்து உபயோகித்தால் கெட்ட பெயர்தான். கிழித்த ஓரத்தில் நூல் நூலாகத் தொங்கும். முதலில் இரண்டு பக்கக் கரையையும் வெட்டி எடுங்கள். ஜரிகை கீறும், சாயக் கரை நிறம் விடும். நாலு முழ வேட்டியில் 38 செ.மீ. சதுரமாக ஏறக்குறைய பதினைந்து துண்டுகள் வரும். ஒவ்வொன்றின் நான்கு ஓரத்தையும் ஒரு செ.மீ. அளவில் இரண்டு முறை மடித்து, வெட்டிய நுனி உள்ளே போகும்படி நேர்த்தையல் போட வேண்டும். தெரு முனைத் தையல்கடையில் கொடுத்தால் மொத்தத்தையும் ஒரே உட்காரலில் முடித்துவிடுவார்கள். வெறும் ஓவர்லாக் அடித்தால் போதாது, அது நாளாவட்டத்தில் பிரியும். நடுவில் இழை மெலிந்து வெளிச்சம் தெரியும் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். அது முதல் தேய்ப்பிலேயே கிழிந்து பிசிறாகும். வேட்டி பாலிகாட்டனாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம். ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி. கறுப்பாகக் கட்டிதட்டினால் அதில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது.

பழைய பனியனும் நல்லதுதான், ஒரு குறையோடு. வெட்டிய ஓரம் சுருண்டுகொண்டு நுண்ணிய துணுக்குகளை உதிர்க்கும், பின்னல் துணி என்பதால் மடித்துத் தைக்கவும் கஷ்டம். ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட் எண்ணெய், பெயிண்ட், வண்டிச் செயினுக்கு. நூல் நூலாகச் சிக்குண்ட காட்டன் வேஸ்ட்டை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

தேங்காய்ப்பூ துண்டு ஈரத்தை எடுக்கும், பஞ்சையும் விடும். சுருள் சுருளாக நிற்கும் நூலில் முறுக்கு குறைவு, அதனால்தான் மெத்தென்று இருக்கிறது, அதனால்தான் உதிர்கிறது. பாத்திரம் துடைக்கத் துண்டு வேண்டுமென்றால் ஈரிழைத் துண்டு எடுங்கள்: லேசானது, சீக்கிரம் காயும், பிசிறும் குறைவு. முனையில் விட்டிருக்கும் குஞ்சத்தை வெட்டி மடித்துத் தைத்துவிட்டு, உபயோகிக்கும் முன் மூன்று நான்கு தடவை அலசிக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும். கஞ்சி இருக்கும் துணி தண்ணீர் குடிக்காது, கண்ணாடியில் வெண்படலமும் விடும்.

மற்றவை, சுருக்கமாக

ஸ்காட்ச்-பிரைட் பெயரிலும் வேறு பெயர்களிலும் வரும் ஸ்பாஞ்ச் வைப், செல்லுலோஸும் பருத்தியும் கலந்தது. காய்ந்தால் அட்டை மாதிரி விறைக்கும், நனைத்தால் மெதுவாகும். பஞ்சு விடுவதில்லை, கொட்டிய பாலையும் சாம்பாரையும் ஒரே இழுப்பில் குடித்துவிடும். மேடைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இதுவே முதல் தேர்வு. துடைத்த இடத்தில் மெல்லிய ஈரப்படலம் விடுவதால் கண்ணாடிக்கு உதவாது. விறைத்திருக்கும்போது மடித்தால் மடிப்பிலேயே உடையும், நனைத்துவிட்டுத் தொடுங்கள். பிசுபிசுப்பு வந்தால் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுக்கலாம். அப்படியும் போகவில்லையென்றால் ஆயுசு முடிந்தது.

குழாய் டப்பாவில் ஈரமாகவே வரும், மெல்லிய தோல் மாதிரியான செயற்கை ஷாமியில் பிசிறு என்பதே கிடையாது. பெரிய ஜன்னல், ஷவர் கண்ணாடிக்கு நல்லது. ஈரமாகவே மூடி வைப்பதால் நம் ஊர் வெக்கையில் பூஞ்சணம் பிடிக்கும். காயவைத்து எடுத்துவைத்து, வேண்டும்போது ஊறவையுங்கள்.

செய்தித்தாள் பழைய நம்பிக்கை. பஞ்சு விடாது என்பது உண்மைதான். ஆனால் மை கையிலும் வெள்ளைச் சட்டத்திலும் ஏறும், அதிகம் நனைந்தால் காகிதமே கூழாகும். டிஷ்யூ பேப்பர் கண்ணாடிக்கு மோசம். வாணலி எண்ணெயையும் கற்பூரக் கரியையும் வழித்தெடுத்துத் தூக்கிப்போட மட்டும் சரி.

துணி நல்லது, கறை மட்டும் போகவில்லை என்றால்

பல வீடுகளில் துணியைக் குறை சொல்வது தண்ணீர் செய்த வேலைக்காக. போர் தண்ணீரில் துடைத்த கண்ணாடியில் தண்ணீர் ஆவியானதும் உப்பு தங்கும். அது பிசிறு மாதிரியும் கோடு மாதிரியும் தெரியும், எந்தத் துணி போட்டாலும் திரும்ப வரும். கடைசிக் கைக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரோ வைத்துத் துடைத்துப் பாருங்கள். ஏ.சி. தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. துடைக்க அருமையானது, குடிக்க ஆகாது. பழைய உப்புக் கறைக்கு ஒரு பங்கு வினிகர், நான்கு பங்கு தண்ணீர். இதைக் கடப்பாக்கல்லிலும் மார்பிளிலும் தெளிக்காதீர்கள். இரண்டும் சுண்ணாம்புச் சத்துள்ள கல், அமிலம் பட்ட இடம் மங்கிப்போகும்.

கண்ணாடிக்கு இரண்டு துணி வேண்டும். ஒன்று நனைத்து நன்றாகப் பிழிந்தது, ஒன்று முற்றிலும் காய்ந்தது. ஈரத்துணி போன கையோடு, தானாகக் காய்வதற்குள் காய்ந்த துணி போக வேண்டும். மேல் வெயில் அடிக்கும் ஜன்னலையும் ஓடும் ஃபேனுக்குக் கீழே உள்ள கண்ணாடியையும் துடைத்தால் கோடுதான் மிஞ்சும். உள்பக்கம் மேலும் கீழுமாக, வெளிப்பக்கம் இடமும் வலமுமாகத் துடையுங்கள். கோடு விழுந்தால் எந்தப் பக்கத்தில் என்று உடனே தெரியும். துணியை இரண்டு முறை மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும், ஒன்று அழுக்கானதும் அடுத்ததைத் திருப்புங்கள். உருட்டிக் கையில் பிடித்துத் தேய்ப்பது அழுக்கை இடம் மாற்றி வைக்கும் வேலை.

டிவி திரைக்கு முதலில் உலர்ந்த தட்டைத் துணி, அழுத்தாமல். போகாத விரல் தடத்துக்கு மட்டும் துணியின் ஒரு மூலையை நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். திரையில் நேராகத் தெளித்தால் திரவம் கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் திரையின் மேல்பூச்சுக்கு ஆகாது. சாமி படங்களிலும் இதே கவனம் வேண்டும். காய்ந்த சந்தனம் குங்குமத்தின் மேல் ஈரத்துணியை ஒரு நிமிடம் ஒற்றி ஊறவிட்டு எடுங்கள். தண்ணீர் வழிந்து சட்டத்துக்குள் போனால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

துவைப்பு

மைக்ரோஃபைபரைக் கெடுப்பது உபயோகத்தைவிடத் துவைப்புதான். துண்டு, லுங்கி, பனியனோடு சேர்த்து மெஷினில் போட்டால் அவற்றின் பஞ்சையெல்லாம் இது வாரிக்கொள்ளும். தனியாகத் துவையுங்கள், அதற்கு முன் மெஷினுக்குள் தொங்கும் பஞ்சு வடிகட்டிப் பையைக் காலிசெய்யுங்கள். கம்ஃபர்ட் மாதிரியான வாசனைத் திரவம் இழைகளுக்கு மேல் கொழுப்புப் படலம் போட்டுவிடும், பிறகு துணி எதையும் பிடிக்காது. பிளீச்சிங் நைலானை அரிக்கும். 60 டிகிரிக்கு மேல் வெந்நீரும் இஸ்திரியும் கூடாது. சோப்புக் கட்டியை உப்புத் தண்ணீரில் தேய்த்தால் வெள்ளைப் படிவு இழைக்குள் ஏறும், திரவ டிடர்ஜெண்டே சரி: ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, 20 நிமிட ஊறல், நுரை நிற்கும்வரை அலசல், நிழலில் உலர்த்தல். ஃபிலமெண்ட் நூலானாலும் துவைப்பில் நுண் பிளாஸ்டிக் இழைகள் கொஞ்சம் தண்ணீரோடு போகத்தான் செய்கின்றன. வேட்டித் துண்டு போதுமான இடத்தில் வேட்டித் துண்டையே எடுக்க இதுவும் ஒரு காரணம்.

ஏற்கெனவே மழுங்கிவிட்ட துணியைத் தூக்கிப்போடும் முன் ஒரு வைத்தியம் செய்யலாம். கை பொறுக்கும் சூட்டில் ஐந்து லிட்டர் தண்ணீர், அரை கப் வெள்ளை வினிகர், ஒரு மணி நேரம் ஊறல், பிறகு வெறும் தண்ணீரில் மூன்று அலசல். சோப்புப் படிவும் வாசனைத் திரவப் படலமும் காரணமாக இருந்தால் பெரும்பாலும் மீண்டு வரும். எண்ணெய் காரணமாக இருந்தால் பாதிதான்.

மூன்று படுக்கையறை வீட்டுக்கு நாங்கள் சொல்லும் கணக்கு: 300 முதல் 350 ஜி.எஸ்.எம். மைக்ரோஃபைபர் நான்கு, கண்ணாடிக்குத் தட்டை அல்லது தேன்கூடு நெசவு இரண்டு, ஸ்பாஞ்ச் வைப் மூன்று, மடித்துத் தைத்த வேட்டித் துண்டு ஒரு டஜன். பன்னிரண்டு, இருபது என்று மூட்டையாக விற்கும் மைக்ரோஃபைபர் பாக்கெட்டை வாங்கினால் பாதி அலமாரியில்தான் தூங்கும். கழிப்பறைக்கு ஒரு நிறம், சமையலறைக்கு ஒரு நிறம் என்று முதல் நாளே பிரித்து, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் சொல்லிவிடுங்கள். தேக்கரண்டித் தண்ணீர்ச் சோதனையில் வினிகர் வைத்தியத்துக்குப் பிறகும் தோற்கும் துணியைக் கண்ணாடி அடுக்கிலிருந்து எடுத்து மின்விசிறி இறக்கைக்கு மாற்றலாம், அதன் பிறகு பைக்குக்கு.